‘இறங்குது’ என்ற சொல்லைத் தந்த செவிலியருக்கு

எங்கள் மதிப்புக்கும் மாணவர் மனத்துக்கும் உரியவரே! இருபத்திரண்டு ஆண்டுகள் இப்பள்ளியின் தரைத்தளத்தில், படிக்கட்டுக்கும் குடிநீர்க் குழாய்க்கும் நடுவிலுள்ள சிற்றறையில், ஊசியும் உறுதியுமாக, கடிகாரமும் கண்டிப்புமாக அமர்ந்து, ஓடி விழுந்த முழங்காலுக்கு மருந்தும், ஓட முடியாத மூச்சுக்கு இன்ஹேலரும், இரத்தத்தில் ஏறி இறங்கும் அளவுக்கு ஓர் எல்லையும் வைத்த எங்கள் பள்ளிச் செவிலியர் அவர்களே! வணக்கம்.

இப்படியே நான்கு பக்கம் எழுதத்தான் இருந்தோம். கருணைக் கடல், கலங்கரை விளக்கம், வெள்ளுடைத் தேவதை என்று மொழியாசிரியை ஒரு பட்டியலே வைத்திருந்தார். அது எப்படியோ உங்கள் காதுக்கு எட்டிவிட்டது. ஆசிரியர் அறை வாசலில் நின்றபடியே சொன்னீர்கள்:

“கடல், விளக்கு, தேவதைன்னு வாசிச்சீங்கன்னா நான் பாதியில எழுந்து போய் நாற்காலி அடுக்க ஆரம்பிச்சிடுவேன். என்ன நடந்துச்சோ அதை எழுதுங்க டீச்சர். எழுதி அந்த ரூம்ல மாட்டுங்க. அடுத்து வர்றவங்க படிக்கட்டும்.”

ஆகவே இம்மடலுக்கு இரண்டு படிகள். ஒன்று உங்கள் வீட்டுக்கு. மற்றொன்று சட்டமிட்டு மருத்துவ அறைச் சுவருக்கு. அடைமொழிகளைக் குறைத்து, நடந்தவற்றைக் கூட்டியிருக்கிறோம்.

நீங்கள் வந்த ஆண்டில் பள்ளி வாயிலுக்கு வெளியே ஒரு சிமெண்டு இருக்கை இருந்தது. காலை மணி அடித்ததிலிருந்து மாலை மணி அடிக்கும்வரை அதில் மூன்று தாய்மார் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுடைய பிள்ளைகளுக்கு முதல் வகை நீரிழிவு. உடம்பு தானாக இன்சுலின் சுரக்காது; சாப்பாட்டுக்கு முன்பு ஊசி போட்டாக வேண்டும். பள்ளிக்கூடம் போடாது. ‘பிள்ளைக்கு எது நடந்தாலும் பெற்றோரே பொறுப்பு’ என்று கையெழுத்து வாங்கி ஒரு கோப்பில் பத்திரமாக வைத்திருந்தோம். அந்தத் தாய்மாரில் ஒருவர் தையல்காரர். மடியில் சட்டையை வைத்துப் பித்தான் தைத்துக்கொண்டே காத்திருப்பார். நீங்கள் பணியேற்ற மூன்றாம் நாள் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தீர்கள்.

“எத்தனை மணிக்கு ஊசி, எத்தனை யூனிட்டு, யாரு டாக்டரு, எல்லாத்தையும் இந்தத் தாள்ல எழுதிக் குடுங்க. குடுத்துட்டுக் கடைக்குக் கிளம்புங்கம்மா.”

“நாளைக்கு நீங்க லீவு போட்டா?”

“அதுக்கு இன்னொரு தாள் இருக்கு.”

அவர் நம்பவில்லை. இன்னும் பதினொரு நாள் அங்கேயே உட்கார்ந்து தைத்தார். பன்னிரண்டாம் நாள் இருக்கை காலி. இப்போது அதில் வாயிற்காவலர் செய்தித்தாள் படிக்கிறார்.

இடைவேளை மணிக்கு ஐந்து நிமிடம் முன்பு, பத்து நாற்பதுக்கு, விரல் நுனியில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்துப் பார்ப்பது உங்கள் வழக்கம். ஒரு நாள்கூட அது பத்து நாற்பத்தொன்று ஆனதில்லை. பிள்ளைகள் உங்களுக்கு வைத்த பெயர் ‘பத்து நாப்பது’. “டேய், பத்து நாப்பது வருது, டப்பாவை மூடுடா!” என்ற குரலை நீங்கள் கேட்டும் கேட்காததுபோல் நடந்து போவீர்கள். மாடி வகுப்புகளில் சில ஆசிரியர்கள் உங்களைப் பார்த்துத் தங்கள் கைக்கடிகாரத்தைத் திருத்திக்கொண்டதும் உண்டு.

இனி, நீங்கள் எழுதச் சொன்னதும் நாங்கள் எழுதத் தயங்கியதுமான நாள்.

உங்கள் பணியின் பதினோராம் ஆண்டு அது. ஏழாம் வகுப்பில் ஒரு சிறுமி. ஓயாமல் பேசுவாள் என்பதால் அவளுக்கு ‘ரேடியோ’ என்று பெயர். அவளுக்கும் முதல் வகை நீரிழிவு. அது ஆசிரியர்கள் எல்லாருக்கும் தெரியும். எப்படித் தெரியும் என்றால், ‘அந்தப் பெண்ணுக்குச் சர்க்கரை இருக்கு’ என்று தெரியும். அதற்குமேல் தெரியாது.

அன்று விளையாட்டு வகுப்பு முடிந்து கணக்கு வகுப்பு. ரேடியோ பேசவில்லை. கணக்கு ஆசிரியருக்கு மகிழ்ச்சி. “என்ன, இன்னைக்கு ஸ்டேஷன் எடுக்கலையா?” என்றார். வகுப்பே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. நெற்றியில் வியர்வை. பக்கத்தில் இருந்த தோழி பையிலிருந்து ஒரு மிட்டாயை எடுத்து, தாளைப் பிரித்து, அவள் வாயருகே கொண்டுபோனாள். கணக்கு ஆசிரியர் பாய்ந்து பிடுங்கினார்.

“ஏய்! அவளுக்குச் சர்க்கரை இருக்குன்னு உனக்குத் தெரியாதா? மிட்டாயைக் குடுத்து ஆளைக் கொல்லப் பாக்கிறியா?”

மிட்டாய் அவருடைய சட்டைப் பைக்குள் போனது. அவளை மேசையில் தலைவைத்துப் படுக்கச் சொன்னார். அன்போடுதான் சொன்னார். சற்று நேரத்தில் அவள் பெஞ்சிலிருந்து சரிந்து தரையில் விழுந்தாள்.

‘ஓர் ஆசிரியர் என்று பொதுவாக எழுதிவிடலாமே’ என்று இம்மடலை எழுதும்போது கணக்கு ஆசிரியரிடமே கேட்டோம். அவர் ஒப்பவில்லை. “கணக்கு வாத்தியார்னே போடுங்க. மொட்டையா எழுதினா படிக்கிறவன் ‘அது நான் இல்ல’ன்னு நினைச்சுக்குவான்” என்றார்.

நீங்கள் ஓடி வந்தீர்கள். இரத்தத்தில் குளுக்கோஸ் அளவு இறங்கி மயங்கிய பிள்ளைக்கு வாய்வழியாக எதுவும் தரக்கூடாது. அந்த அளவை ஏற்றும் குளுக்ககான் ஊசிதான் போட வேண்டும். அந்த ஊசி ஒரு சிவப்புப் பெட்டியில் இருந்தது. பெட்டி தலைமையாசிரியர் அறையின் இரும்பு அலமாரியில் இருந்தது. அலமாரியின் சாவி எழுத்தர் இடுப்பில் இருந்தது. எழுத்தர் மேலதிகாரி அலுவலகக் கூட்டத்தில் இருந்தார். விதி ஒன்றுகூட மீறப்படவில்லை. பிள்ளை மட்டும் தரையில் கிடந்தாள். “தள்ளுங்க சார்” என்று வாயிற்காவலர் கடப்பாரையோடு வந்து பூட்டை உடைத்தார்.

பொடி இருந்த குப்பிக்குள் நீரைச் செலுத்தி, குலுக்காமல் சுழற்றி, தெளிந்ததும் மீண்டும் ஊசியில் இழுத்து, தொடையில் போட்டு, அவளை ஒருக்களித்துப் படுக்க வைத்தீர்கள். பிறகு அவள் கண் திறந்தாள். கணக்கு ஆசிரியரின் செருப்பின்மேல் வாந்தி எடுத்தாள். சுவரில் சாய்ந்து நன்றாக உட்கார்ந்ததும் முதல் பேச்சுப் பேசினாள்:

“சார், என் மிட்டாய்?”

அவர் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். நீங்கள் தலை நிமிராமலே சொன்னீர்கள்: “குடுங்க சார். இப்பவாவது குடுங்க.”

மறுநாள் விசாரணைக் கூட்டம். அரசாங்கப் பூட்டை உடைத்தது யார் என்பதுதான் அங்கே முதல் கேள்வி. நீங்கள் ஒன்றே ஒன்று கேட்டீர்கள். “எத்தனை மணிக்கு மயங்கினா? யாராவது நேரம் பாத்தீங்களா?” மருத்துவமனையிலும் அதைத்தான் கேட்டார்களாம். பத்து நிமிடம் என்றார் ஒருவர். கால் மணி என்றார் இன்னொருவர். கடிகாரம் வகுப்புச் சுவரிலேயே இருந்தது. யாரும் பார்க்கவில்லை.

அதன்பிறகு நீங்கள் செய்தவற்றை இந்தச் சுவருக்காக வரிசையாக எழுதுகிறோம்.

முதலில் ஒரு சொல்லை விலக்கினீர்கள். “நோய்க்கும் சர்க்கரைன்னு பேரு, மருந்துக்கும் சர்க்கரைன்னு பேரு. சார் மேல தப்பில்ல, அந்த வார்த்தை மேலதான் தப்பு. இனிமே இந்த ஸ்கூல்ல யாரும் அதைச் சொல்லக்கூடாது. ஏறுதா, இறங்குதா? அவ்வளவுதான் பேச்சு.” அன்றிலிருந்து எங்கள் பள்ளியில் எந்தப் பிள்ளைக்கும் சர்க்கரை இல்லை. ஏறும், இறங்கும். ஒன்றாம் வகுப்புக் குழந்தைகூட “டீச்சர், எனக்கு இறங்குது” என்று எழுந்து நிற்கும். உடனே பழச்சாறு கைக்கு வரும். கால் மணி கழித்து மீண்டும் விரல் நுனியில் சோதனை. உங்கள் கையெழுத்தில் ஒவ்வொரு வகுப்பிலும் ஓர் அட்டை தொங்குகிறது: ‘இறங்கினால் இனிப்பு. ஏறுதா இறங்குதா தெரியாவிட்டாலும் இனிப்பு. மயங்கினால் வாயில் ஒன்றும் வேண்டாம், ஊசி. எதுவானாலும் நேரம் எழுது.’

அடுத்தது பூட்டு. “மருந்தைப் பூட்டித்தான் வைக்கணும்னு ஆணை இருக்கு” என்றார் அன்றைய தலைமையாசிரியர். “தீயணைக்கிற சிலிண்டரைப் பூட்டியா சார் வெச்சிருக்கோம்?” என்றீர்கள். ஒன்பது கடிதங்கள், பதினான்கு மாதங்கள். சிவப்புப் பெட்டி இன்று தாழ்வாரச் சுவரில், பெரியவர் தோள் உயரத்தில் தொங்குகிறது. மூடி உண்டு, பூட்டு இல்லை. இத்தனை ஆண்டில் ஒரு பிள்ளையும் அதைத் தொட்டு விளையாடவில்லை.

பிறகு பயிற்சி. ஆண்டுக்கு இருமுறை, காலாவதியான ஊசிகளையும் ஒரு கூடை ஆரஞ்சுப் பழங்களையும் வைத்துக்கொண்டு எங்களை வரிசையில் நிறுத்தினீர்கள். கணக்கு ஆசிரியர் முதல் ஆளாக நின்றார். ஒவ்வொரு முறையும் முதல் ஆளாகவே நின்றார். மொழியாசிரியை ஊசியைப் பார்த்ததும் கண்ணை மூடி நாற்காலியில் சாய்ந்துவிட்டார். “அக்கா, இவங்களுக்கும் அந்தச் செவப்புப் பெட்டியா?” என்று வாயிற்காவலர் உண்மையாகவே கேட்டார். நீங்கள் மொழியாசிரியைக்குத் தண்ணீர் கொடுத்து, “உங்களுக்கு ஊசி வேண்டாம் டீச்சர். நீங்க மணி பாருங்க, ஆம்புலன்ஸுக்குப் போன் போடுங்க. அதுக்கும் ஒரு ஆள் வேணும்” என்றீர்கள். யாரையும் ‘உனக்கு வராது’ என்று நீங்கள் அனுப்பியதில்லை.

இவ்வளவு செய்தும் கடந்த ஓராண்டாக நீங்கள் நிம்மதியாக இல்லை என்பது எங்களுக்குத் தெரியும். உங்கள் இடத்துக்கு இன்னும் ஆள் நியமிக்கப்படவில்லை. இன்று நம் பள்ளியில் அப்படி ஆறு பிள்ளைகள். “நான் போயிட்டா இந்த ஆறு பேரை யார் பாக்குறது?” என்று எங்களில் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேட்டீர்கள். நாங்கள் எல்லாரும் “பாத்துக்கலாம் சிஸ்டர்” என்றோம். அந்தப் பதில் உங்களுக்குப் பிடிக்கவில்லை. ஓய்வுக்குப் பிறகும் தினமும் பத்து நாற்பதுக்கு வந்து பார்த்துவிட்டுப் போகிறேன் என்று தலைமையாசிரியருக்கு எழுதிக் கொடுத்தீர்கள். விழா எதுவும் வேண்டாம் என்றும் சொன்னீர்கள்.

சென்ற மாதம் உங்கள் ஓய்வுக் கோப்புக்காக நீங்கள் தலைமை அலுவலகம் போக வேண்டியிருந்தது. பத்து நாற்பதுச் சோதனையை முடித்துவிட்டுத்தான் கிளம்பினீர்கள். ஐந்தாம் வகுப்பில், அந்த ஆறு பேரில் ஒருத்தி, எங்கும் ஓடியே போகும் சிறுமி, ‘முயல்’ என்போம். ஓட்டப்பந்தயப் பயிற்சி முடிந்து குழாயடிக்கு வந்தவள் அங்கேயே உட்கார்ந்தாள். கூப்பிட்டதற்குக் கண் மட்டும் திரும்பியது. பிறகு அதுவும் இல்லை.

“இறங்குது! இறங்குது!” என்று வாயிற்காவலர் போட்ட சத்தம் இரண்டாம் மாடிவரை கேட்டது. கணக்கு ஆசிரியர் சிவப்புப் பெட்டியோடு ஓடி வந்தார். குப்பியைக் குலுக்கவில்லை, சுழற்றினார். மொழியாசிரியை கண்ணை மூடவில்லை. ஒரு கையில் தொலைபேசியும் மறு கையில் சுண்ணக்கட்டியுமாகக் குழாயடிச் சுவரில் எழுதிக்கொண்டே இருந்தார்.

நீங்கள் இரண்டு மணிக்குத் திரும்பி வந்தீர்கள். வாயிலிலேயே செய்தி சொல்லிவிட்டார்கள். நாங்கள் எல்லாரும் தாழ்வாரத்தில் நின்றோம். உண்மையைச் சொன்னால், பாராட்டுக்காக நின்றோம். நீங்கள் எங்களைத் தாண்டி நேரே குழாயடிக்குப் போனீர்கள். சுவரில் இருந்தது இவ்வளவுதான்: மயக்கம் 11.52. ஊசி 11.55. கண் திறந்தது 12.06. ஆம்புலன்ஸ் 12.10.

“இது ரெண்டா, மூணா? கையெழுத்து கோணலா இருக்கு.”

“ரெண்டு, சிஸ்டர். அம்பத்திரண்டு” என்றார் மொழியாசிரியை.

“பிள்ளை?”

“ஆஸ்பத்திரியில இட்லி வேண்டாம் பிஸ்கட்தான் வேணும்னு சண்டை போடுறாளாம்.”

குழாயடித் திண்டில் உட்கார்ந்தீர்கள். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு சுவரை இன்னொரு முறை மேலிருந்து கீழே படித்தீர்கள். பிறகு சொன்னீர்கள்:

“சரி. அப்ப நான் போகலாம்.”

மறுநாள் தலைமையாசிரியரிடம் கொடுத்திருந்த கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டீர்கள். இருபத்திரண்டு ஆண்டில் நீங்கள் எங்களுக்குத் தந்த ஒரே பாராட்டு அந்த நான்கு சொற்கள்தான். இந்த மடல் அதற்கு எங்கள் பதில்.

அம்மையீர்! இன்றைய விழாவைப் பத்தரைக்குத் தொடங்காமல் பதினொன்றுக்குத் தொடங்கினோம். காரணம் உங்களுக்குத் தெரியும். ஆறு பேரையும் பார்த்துவிட்டோம். ஆறு பேரும் சரியாக இருக்கிறார்கள். முயல் இரண்டாம் வரிசையில் உட்கார்ந்து கையாட்டுகிறாள். நெடுநாள் நலமாக இருங்கள். நேரத்துக்குச் சாப்பிடுங்கள், எங்களிடம் சொன்னதை நீங்களும் கடைப்பிடியுங்கள். நாளை முதல் பத்து நாற்பதுக்குக் கடிகாரத்தைப் பார்க்காமல் இருக்கப் பழகுங்கள். பழக்கதோஷத்தில் பார்த்துவிட்டாலும் எழுந்திருக்க வேண்டாம். அந்த நேரத்தில் இங்கே நாங்கள் பார்த்துக்கொண்டிருப்போம்.

என்றும் உங்கள் கண்டிப்புக்குக் கட்டுப்பட்ட,
ஆசிரியர்கள், அலுவலகத்தார், வாயிற்காவலர்

(வாசித்து முடித்ததும் மொழியாசிரியை கையால் எழுத வேண்டியது)
நேரம்: ..................