மெத்தை தின்னாத சத்தம்

ஒலிப்பதிவுக்காரனுக்கு முதல் எதிரி மின்விசிறி, ஐயா. உங்கள் அறையில் ஓடுவதும் கடகடவென்கிறது. என் வாக்குமூலத்தைப் பதிவு செய்வதாக இருந்தால் அதை அணைத்துவிடுவது நல்லது.

மின்விசிறியையாவது அணைக்கலாம். என் தங்கையின் கணவரை என்ன செய்வது? எங்கள் குழுவின் நகைச்சுவை இசை நாடகத்தில் அவர்தான் கதாநாயகன். காதலியின் மாடிக்கு ஏணி போட்டு ஏறி, உருகி உருகிப் பாடுவார். ஜன்னல் திறக்கும், எட்டிப் பார்ப்பது காதலியின் அப்பா. மாப்பிள்ளை முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொண்டு, சத்தமே இல்லாமல் சறுக்கி, அட்டைப் புதருக்குப் பின்னால் போட்டிருக்கும் மெத்தையில் விழுவார். அரங்கமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும்.

பதிவில் இது எப்படி இருக்கும்? பாட்டு, அப்புறம் அமைதி, அப்புறம் காரணமே இல்லாமல் ஒரு கூட்டத்தின் சிரிப்பு. போன முறை பதிவை வாங்கிக் கேட்டவர்கள், நடுவில் பதிவு அறுந்துவிட்டது என்று புகார் செய்தார்கள். இந்த முறையும் அப்படி ஆனால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாகக் குழுவின் முதலாளி சொல்லிவிட்டார்.

மாப்பிள்ளையிடம் பக்குவமாகத்தான் கேட்டேன்.

“விழும்போது ஒரு ‘ஐயோ’ மட்டும் சொல்லிடுங்களேன், மாப்பிள்ளை.”

“கத்தினா காமெடி செத்துடும், மச்சான். என் மூஞ்சி போதும். உங்க மைக்குக்கு ஒரு மூக்குக் கண்ணாடி வாங்கிக் குடுங்க.”

பக்கத்தில் இருந்த என் அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். நான் சொன்ன எதற்கும் அவர் அப்படிச் சிரித்ததில்லை. அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் கிடையாது. கிடையாது என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

முதலில் அவர் காலணியில் சின்ன மணிகளைக் கட்டிப் பார்த்தேன், அவிழ்த்து எறிந்துவிட்டார். பிறகுதான் ஏணியின் மேல்படியை அறுத்தேன். பாட்டு முடியும்வரை தாங்கும்படி கொஞ்சம் விட்டுத்தான் அறுத்தேன். பாட்டைக் கெடுக்கிற ஆள் நான் இல்லை. மெத்தையையும் எடுக்க வேண்டியதாயிற்று. மெத்தை சத்தத்தைத் தின்றுவிடும், ஐயா, யாரிடம் வேண்டுமானாலும் கேளுங்கள். வெறும் தரை காதுக்கு மொட்டையாக இருந்ததால் ஒப்பனை அறையின் தகர வாளிகளை அங்கே அடுக்கினேன்.

பதிவு அற்புதம். மரம், தகரம், பிறகு மாப்பிள்ளையின் “ஐயோ, அம்மா”. அந்த உச்ச ஸ்தாயியை அவர் எந்தப் பாட்டிலும் எட்டியதில்லை. இப்போது காலில் மாவுக்கட்டோடு படுத்திருக்கிறார். முதலாளி முதலில் என்னைக் கட்டிப்பிடித்தார். விஷயம் தெரிந்த பிறகு உங்களுக்குப் போன் செய்தார். எல்லாம் தொழிலுக்காகச் செய்தது.

ஒரே ஒரு குறை. ஏணி முறிவதற்குச் சற்று முன்னால், மைக்குக்கு வெகு அருகில், யாரோ குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பது பதிவாகியிருக்கிறது. அது என் சிரிப்பு என்று தங்கை சொல்கிறாள். வேலை நேரத்தில் நான் சிரிப்பதில்லை. அதை வெட்டி எடுக்கப் பலமுறை உட்கார்ந்தேன், மனம் வரவில்லை. ஒரு மனிதன் இவ்வளவு சந்தோஷமாகச் சிரித்து நான் கேட்டதே இல்லை.