நாலு மடிப்பு வலை

குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும் பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள். ஜன்னலோரம் இருந்த இளையவள்தான் ஆரம்பித்தாள்.

"எங்க ஊட்டுக்காரரு மீன் தொட்டியில இருக்கற பவளத்துக்கு நெழல்வலை போட்டிருக்காருங்கக்கா."

"நம்ம தேயிலை நாத்துக்குப் போடறாப்பலயா?"

"அதேதானுங்க. பவளத்துக்கு உசுரு இருக்குதாம். புது லைட்டு வெளிச்சம் ஒரேயடியாப் பட்டா வெளுத்துப் போயிருமாம். நாலு மடிப்பு வலை போட்டு, வாரத்துக்கு ஒரு மடிப்பா எடுக்கணுமாம். தெனமும் குனிஞ்சு, 'பழகிருச்சா கண்ணு'ன்னு வேற கேக்கறாரு."

"நல்ல மனுசன்தான?"

"நான் கோயமுத்தூர் வெயில்லருந்து தை மாசப் பனிக்கு வந்தவ. கல்யாணமாகி மறுநா காலையில பச்சத்தண்ணியில பாத்திரம் கழுவுனேன். பழகிருச்சான்னு என்னைய ஒரு வார்த்தை கேக்கலீங்க."

"செரி, உடு கண்ணு."

"எங்க உட்டேன்? கெளம்பறப்ப நாலு மடிப்பையும் உருவிப் போட்டுட்டுத்தான் வந்தேன்."

பர்லியாரில் பஸ் நின்றபோது அவள் போன் அடித்தது. பெயரைப் பார்த்தாள், எடுக்கவில்லை.

"பாத்தீங்களாக்கா? ஆறு வருசத்துல, நான் பஸ் ஏறுன பொறகு அவரு பண்ற மொதப் போனு இதுதான்."