வீடு தேடிப் போகும் முதல் பங்கு

கோட்டை மணி பகல் மூன்று அடித்தபோது வாடைக்காற்று வலுத்தது. கடலுக்குப் போனவற்றில் என் மகனின் கட்டுமரம் மட்டும் திரும்பவில்லை. முகத்துவாரக் கரையில் எனக்குப் பக்கத்தில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி ஒல்லாந்துத் துரை வீட்டில் சமைப்பவள். மற்றவள் மீன் விற்பவள்.

“அவுங்க தேசத்துல அப்பன் ஆத்தா இல்லாத புள்ளைங்களுக்குன்னே மாளிகையாட்டம் ஒரு வூடு கீதாம்க்கா. சோறு, துணி, படிப்பு எல்லாம் உண்டாம்.”

“ஏன்டி, அந்த ஊர்ல சித்தி, அத்தைனு யாரும் இல்லியா?”

“இன்னாவோ தெரியல. புருசன் செத்தவ வூட்டுக்கு அவுங்க கோயில் ஆளுங்க வாராவாரம் வந்து, அடுப்பு எரியுதானு பாப்பாங்களாம்.”

“அம்மாடி! முன்னபின்ன தெரியாதவங்களா? பெரிய மனசுதான்டி. நம்ம குப்பத்துல கடலுக்குப் போன ஆளு திரும்பலன்னா, மத்தவங்க புடிக்கிற மீன்ல மொத பங்கு அவன் வூட்டுக்குப் போவுது. அதுமாரிதான்.”

அப்போது குப்பத்து ஆள் ஒருவர் மீன் கூடையோடு நேராக என்னிடம் வந்தார். அந்தப் பங்குதான் என் வீட்டுக்கு வருகிறதோ என்று, கூடையைப் பார்க்காமல் கடல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

“நைனா, உம் மவன் தெற்கால கரையேறிட்டான். இது அவன் புடிச்சது. போன மாசம் புருசனக் கடல்ல வுட்டாளே, அவ வூட்டுப் பங்கு. உன்னையே கொண்டுபோய்க் குடுக்கச் சொன்னான்.”