வீட்டுக்கு முன்னால் ஒரு படம்

என் மகளை நாகர்கோவில் விடுதியில் விட்டுவிட்டுப் பேருந்தில் திரும்பிக்கொண்டிருந்தேன். முன்னிருக்கையில் கடற்கரைப் பெண்கள் இருவர். ஒருத்தி மடியில் காகிதங்கள் அடைத்த பையைப் பிடித்திருந்தாள்.

“வீட்டுக்கு முன்னால குடும்பமா நின்னு போட்டோ கொண்டா, மாற்று வீடு தாறோம்னு ஆபீசுல சொன்னாவ. நாங்க இடுப்பளவு தண்ணியில நின்னு எடுத்தோம்,” என்றாள் அவள்.

மற்றவள் சிரித்தாள். “வீட்டத்தான் கடல் கொண்டு போச்சே. இடம் எப்படிட்டி தெரிஞ்சுது?”

“கடல்ல மீன் கிடக்குற இடம் பாக்கது மாதிரிதான். கரையில தெரியுற கோயில் கோபுரத்தையும் குடிதண்ணித் தொட்டியையும் நேரா பிடிச்சு, இதான் அடுக்களைன்னு எங்க வீட்டுக்காரரு நின்னாவ.”

“பின்ன என்னவாம்?”

“ரேஷன் கார்டுல நாலு பேரு, படத்துல மூணு பேருதானேன்னு ஆபீசர் திருப்பித் தந்துட்டாரு. நாளைக்குக் கடைசி நாளு. மவ தண்ணிக்குள்ள வரமாட்டேன்கா. வீடு இடிஞ்சப்ப அவ மட்டுந்தான் உள்ள கிடந்தா. அதுக்குப் பிறகு கடல்ல கால் நனைக்கல்ல.”

“தூக்கி வச்சுக்கிட்டு நில்லு.”

“பதினாலு வயசு, மக்கா.”

என் மகளுக்கும் அதே வயதுதான். நான் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கொட்டாரத்து வயல்களில் தண்ணீர் நிறைந்து கிடந்தது.

“அப்போ என்ன செய்யப்போற?”

“வள்ளத்துல இருத்தி எடுக்கலாம்னு எங்க வீட்டுக்காரரு சொல்லுதாவ. கண்ணை மூடிக்கிட்டு இருப்பேன்னு அவளும் சம்மதிச்சிருக்கா.”

“அது வீட்டுக்கு முன்னால ஆவுமா?”

“வீட்டுக்கு மேல ஆவும்.”