அடித்தண்டு கருத்த வருஷம்

— நாளைக்குக் கையெழுத்துப் போடாதே, யொஷினோ. சோலார் பலகைக்காரனுக்கு நிலத்தைக் குடுத்துட்டா அப்புறம் அதுல சர்க்கரைவள்ளிக் கிழங்குக் கொடி படராது.

— முதல்ல பூட்ஸைக் கழட்டுங்க, கின்ஜி அண்ணே. எரிமலைச் சாம்பலும் சேறுமா வந்து நிக்கறீங்க. வயல் போகுதுன்னு வீட்டுக்குள்ளயே உழப் போறீங்களா?

— கழட்டிட்டேன், கழட்டிட்டேன். இதக் கேளு. விளையாதுன்னு யாரு சொன்னா?

— மூணு வருஷமாத் தோண்டினா நாத்தம்தான் வருது. நான் ஒசாகாவுல பொண்ணு வீட்டோட போய்ச் சேர்ந்துடறேன்.

— இதக் கேளு. நோயில்லாத நாத்து நான் தரேன். வடிகாலும் வெட்டித் தரேன்.

— என்ன திடீர்க் கருணை? பக்கத்துக் கொட்டகை மாட்டுக்குக் குளம்பு அழுகினாக்கூட எட்டிப் பாக்காத ஆளு நீங்க.

— மாடு நொண்டிக் காட்டிக் குடுத்துடும். இந்தக் கொடி மேல பச்சையா சிரிக்கும், அடித்தண்டு கருத்திருக்கும்.

— எனக்கே பாடமா? ஊர்லயே முதல்ல அழுகினது எங்க வயல்னு, கிழங்கு வாங்குற சாராய ஆலைக்காரங்க எழுதிட்டுப் போனாங்க. அன்னைக்கே எங்க வீட்டுக்காரர் பதினொரு பாட்டில் சாராயம் வாங்கினார்.

— தெரியும்.

— வீடு வீடாப் போய், 'என் வயலால உங்களுக்குக் கஷ்டம்'னு தரையில நெத்தி படக் கும்பிட்டார். மூட்டுவலிக்காரர். உங்க வாசல்ல எழுந்திருக்க முடியாம, நீங்கதான் தூக்கி விட்டீங்களாம். 'கின்ஜி ஒருத்தன்தான் மனுஷன்'னு சாகுற வரைக்கும் சொன்னார்.

— அதச் சொல்லாதே.

— நல்லதைத்தானே சொல்றேன்?

— அதுக்கு முந்தின வருஷம், உன் புருஷன் ஹருசோ ஆஸ்பத்திரியில கிடந்தப்போ, அறுவடை முடிஞ்ச உங்க வயலை உழுதது யாரு?

— நீங்கதான். டீசல் காசுகூட வாங்கல.

— அதுக்கு முந்தின நாள் என் கீழ்வயல்ல நாலு வரிசை அடி கருத்திருந்துச்சு. ஆலைக்குத் தெரிஞ்சா என் கிழங்கு மொத்தத்தையும் வேணாம்னுடுவாங்கன்னு, சத்தமில்லாம உழுது புதைச்சேன். அடுத்த வருஷம் அங்க முள்ளங்கி போட்டேன். ஒருத்தனும் கேக்கல. டிராக்டர் சக்கரத்தைக் கழுவல, யொஷினோ. அந்த நோய் மண்ணோடயே உங்க வயல்ல இறங்கினேன்.

— சக்கரத்தைக் கழுவல.

— திட்டு.

— அவர் உங்க முன்னாடி மண்டி போட்டப்போ, இது உங்களுக்குத் தெரியுமா?

— தெரியும். வாய் வரைக்கும் வந்துச்சு. பாட்டிலை வாங்கிக்கிட்டேன்.

— குடிச்சீங்களா?

— குடிச்சேன்.

— சரி. நான் கையெழுத்துப் போடல. இங்கேயேதான் இருக்கப் போறேன், அண்ணே. தினம் விடிஞ்சா என் வாசலைத் தாண்டித்தானே நீங்க வயலுக்குப் போகணும்?