ஆறு சொல்லும் பகடையில் விழுந்தவை அல்ல

என் பெயரும் முகவரியும் முதல் தாளில் கண்டபடி. வயது முப்பத்தெட்டு. ரத்தப் பரிசோதனை நிலையத்தில் அறிக்கைகளுக்குப் பொறுப்பாக இருக்கிறேன்.

அறிக்கைகள் உள்ள கணினிக்குப் புது பாஸ்வேர்டு வைக்கச் சொல்லி, சென்ற மாதம் எங்கள் கம்ப்யூட்டர்காரர் ஐந்து பகடைகளும் எண் போட்ட சொற்பட்டியலும் கொடுத்தார். பகடைகளை உருட்டி, வரும் எண்ணுக்கு நேரே உள்ள சொல்லை எடுக்க வேண்டும். இப்படி ஆறு சொல். "விழுந்தது விழுந்ததுதான்க்கா, பிடிக்கலன்னு மாத்திராதீங்க. நீங்களா யோசிச்சு வச்சா தெரிஞ்சவங்க கண்டுபிடிச்சிருவாங்க" என்றார். தலையாட்டினேன்.

அதன் பிறகு உருட்டியதில் தவளை, ஆணி, சாம்பல், ஏணி, பிணம், தவிடு என்று விழுந்தது. காலையில் வந்ததும் பிணத்தையா தட்டுவது என்று மறுபடி உருட்டினேன், சீழ் வந்தது. எரிச்சலில் பகடைகளை டிராயரில் தள்ளிவிட்டு, என் ஏழு வயது மகளை வீட்டில் கொஞ்சும் ஆறு செல்லப்பெயர்களை, குருவி, பூசணி என்று நாங்கள் அடுக்கும் அதே வரிசையில் வைத்தேன். அன்று மாலை என் வீட்டுக்காரர், "பகடை என்ன சொல்லுச்சு?" என்று கேலி செய்தார். "உங்க பொண்ணைத்தான் சொல்லுச்சு" என்றேன். இந்த வாயை என்ன செய்வது?

அதன் பிறகு சென்ற செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு, நான் மறந்துவிட்டு வந்த மூக்குக்கண்ணாடியை அவர் கொண்டுவந்தார். மருத்துவர் அழைத்ததால் நான் கணினியைப் பூட்டிவிட்டு உள்ளே போய்த் திரும்பக் கால் மணி நேரமானது, அதுவரை அவர் என் நாற்காலியில் இருந்தார். மறுநாள் அவருடைய தம்பிக்குப் பேசி முடித்திருந்த பெண்ணுக்குச் சர்க்கரை நோய், சம்பந்தம் வேண்டாம் என்று என் மாமியார் பெண் வீட்டுக்குப் போன் செய்து சொல்லிவிட்டார். அந்தப் பெண் எங்களிடம்தான் சோதனை செய்துகொண்டாள். அவள் அப்பா புகார் கொடுத்ததும், பாஸ்வேர்டு தெரிந்தவர் என்று கம்ப்யூட்டர்காரரைப் பிடித்து வைத்தீர்கள்.

மூன்று நாளாக எனக்கு ஓரிடத்தில் இருப்புக்கொள்ளவில்லை. இப்போதும் எழுதுகிற ஏட்டையாவிடம், "சீக்கிரம் எழுதுங்க சார், மனசு மாறிரும்" என்று இரண்டு முறை சொன்னேன். கம்ப்யூட்டர்காரருக்கு அந்த ஆறில் ஒரு சொல்கூடத் தெரியாது. தெரிந்தவர்கள் நானும் என் வீட்டுக்காரரும் மட்டுமே.

என்னை இங்கே பைக்கில் கொண்டுவந்து விட்டவர் அவர்தான். கம்ப்யூட்டர்காரர் மேல் எழுதிக் கொடுக்கத்தான் வந்திருக்கிறேன் என்று நினைத்து வாசலில் காத்திருக்கிறார்.

எழுதியதை வாசிக்கக் கேட்டேன், நான் சொன்னபடியே இருக்கிறது. யாரும் மிரட்டிச் சொல்லவில்லை.

(ஒப்பம்)