ஊசித் துளை

சித்தி கடைசியாக இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டதிலிருந்து மூச்சு நின்றது வரை அறுபத்திரண்டு மணி நேரம். என் வாக்குமூலத்தில் நீங்கள் ‘ஏறத்தாழ மூன்று நாள்’ என்று எழுதியிருக்கிறீர்கள். திருத்திக்கொள்ளுங்கள். நான் வேதியியல் படித்தவள். ஏறத்தாழ என்ற சொல் எனக்கு ஒத்துக்கொள்ளாது.

பிரசங்கியாரைப் பிடித்து வைத்திருக்கிறீர்களாம். பாவம், விட்டுவிடுங்கள். அவருக்குக் குரல் மட்டும்தான் சொந்தம். உவமைகள் என்னுடையவை. இரண்டு வருடமாக வாராவாரம் அவருடைய உரையை நான்தான் எழுதித் தட்டச்சு செய்து கொடுக்கிறேன். அதற்கு முன் அவர் ‘நரகம் கொடியது’ என்பார். கூட்டம் கொட்டாவி விடும்.

“ஏம்மா, போன வாரம் ஒருத்தர்கூட அழல. கொஞ்சம் காரமா எழுதிக் குடேன்” என்று ஒருநாள் என்னிடம் கேட்டார்.

எரிமலை, பாதாளம் எல்லாவற்றையும் தூக்கி எறிந்தேன். எரிமலையை யார் பார்த்தார்கள்? பயம் கூடவே வீட்டுக்கு வர வேண்டுமென்றால் உவமை வீட்டில் காத்திருக்க வேண்டும். குக்கரின் ஒவ்வொரு விசிலும் உன் ஆயுளில் ஒரு நாள் கழிவது போல என்று எழுதினேன். தையல்காரரின் மனைவி குக்கரைப் பரணில் போட்டாள். கண்ணாடியில் தெரியும் முகம் உன் பிணத்தின் ஒத்திகை போல என்று எழுதினேன். வங்கி மேலாளர் ஒருவர் குளியலறைக் கண்ணாடியைத் துண்டால் மூடிவிட்டு, அடுத்த வாரம் தாடையெல்லாம் சவரக் காயத்தோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். ‘போல’ என்ற சொல் மட்டும் இவர்கள் காதில் விழுவதே இல்லை. படித்தவர், படிக்காதவர் என்ற வித்தியாசமும் கிடையாது.

சித்தி மட்டும் சிரித்தாள். என்னை வளர்த்தவள்.

“அந்த மனுஷனுக்கு அடுப்பு பத்தவைக்கத் தெரியுமாடி ஊமை? நரகத்த வர்ணிக்க வந்துட்டாரு.”

எழுதுவது நான் என்று அவளுக்குத் தெரியாது. அதிகம் பேசாததால் வீட்டில் எனக்கு ஊமை என்று பெயர். அதில் எனக்குக் கோபம் எதுவும் இல்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அடுத்த உரையில் இப்படி எழுதினேன்: ‘உடம்பு பூட்டிய வீடு போல. நீ அதில் குத்தும் ஒவ்வொரு துளையும் சாத்தானுக்குத் திறந்துவிடும் ஜன்னல்.’

சித்திக்குச் சிறுவயதிலிருந்தே தினமும் ஊசி. அன்று அவள் சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்து வயிற்றிலிருந்த ஊசித் தடங்களை எண்ணத் தொடங்கினாள். பாதியில் நிறுத்திவிட்டாள்.

மருந்து ஃபிரிட்ஜில்தான் இருந்தது. நான் ஒளிக்கவில்லை. இரண்டாம் நாள் அவள் மூச்சில் கனிந்த பழத்தின் வாசனை வந்தது. அசிட்டோன், இன்சுலின் இல்லாத உடம்பில் சேரும் நஞ்சு. மருந்தை நிறுத்து என்று பிரசங்கியார் சொல்லவில்லை, நானும் எழுதவில்லை. உவமையை உண்மை என்று எடுத்துக்கொண்டால் அது கேட்டவருடைய குற்றம்.

சித்தி என்னிடம் ஏதாவது கேட்டாளா என்று மூன்றாவது தடவையாகக் கேட்கிறீர்கள்.

கேட்டாள். முதல் நாள் மாலை, சிரிஞ்சைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறை வாசலில் நின்றாள்.

“நீ படிச்சவ, சொல்லு கண்ணு. இதெல்லாம் சும்மா ஒரு பேச்சுக்குத்தானே சொல்றாங்க? நீ ஆமான்னு சொன்னா இப்பவே போட்டுக்கறேன்.”

அவள் என்னை ஊமை என்று கூப்பிடாத ஒரே நாள் அது.

“பேச்சுக்கு இல்ல சித்தி” என்றேன். “நெஜம்தான்.”